ஒப்பீட்டு மாதிரி

சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள்.
ஒன்-நார்த் நிலையத்தில் என்னோடு இறங்கியது
ஒரு குடை, அதன் கீழே யாரோ.
தீபாவளியன்று என் முறையைக் குவெக் பார்த்தார்.
இன்று அவர் முறை எனக்கு.
ஆய்வுக்கூட மேசையில் வைத்துப் போயிருக்கிறார்
இரண்டு ஆரஞ்சு, ஒரு மஞ்சள் சீட்டு:
"கீழ்த்தட்டு முதலில். அவசரம் வேண்டாம்."

முப்பத்தேழு பாகை.
அடைகாப்புப் பெட்டியைத் திறந்தால்
காய்ச்சல்காரப் பிள்ளை ஒன்று
முகத்தில் மூச்சு விடுகிறது.

தட்டுக்கு இருபத்துநான்கு குழி.
குழிக்கு ஒன்றாக,
மிளகைவிடக் கொஞ்சம் பெரியதாய்,
ஊறிய ஜவ்வரிசி நிறத்தில்
மூளைகள்.
அப்படிச் சொல்லக் கூடாது என்பாள் ஹிதாயா.
மூளை போன்ற திசு.
கண் கிடையாது, காது கிடையாது,
பசிக்கிறது என்று சொல்ல வாய் கிடையாது.
பசி மட்டும் உண்டு.
இளஞ்சிவப்பு நீர் மஞ்சளாகியிருந்தால்
சாப்பிட்டு முடித்துவிட்டார்கள்.

உறிஞ்சு. பாதியை எடு. பாதியை ஊற்று.
ஓரத்தில் இடிக்காதே.

உயர்நிலை இரண்டு, சொல்வதெழுதுதல்.
மூளை என்றார் திருமதி சொர்ணவல்லி,
நான் முளை என்று எழுதியிருந்தேன்.
"மூளை இருக்கா உனக்கு?"
வகுப்பு மொத்தமும் சிரித்தது.
இப்போது பதில் சொல்லலாம், டீச்சர்.
இருக்கிறது. இருபத்தொன்று.
மேல்தட்டு முழுக்க என்னுடையது.
மூன்று போன மாதம் பூஞ்சை பிடித்து
ப்ளீச்சில் போயின.
அன்று மத்தியானம் நன்றாகத்தான் சாப்பிட்டேன்,
பான் மியான், மிளகாய் கூடுதலாக.

ஒப்பிட்டுப் பார்க்க
இந்தியப் பெண் மாதிரி அகப்படவில்லை
என்று யாரோ கூட்டத்தில் சொன்னபோது
கை தானாக உயர்ந்துவிட்டது.
பதினெட்டுப் பக்கப் படிவம்.
எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்,
எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தர இயலாது.
முன்பும் ஒருமுறை
இப்படி ஒன்றில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

இடது கையின் உட்புறம் அரிசியளவு தழும்பு.
அந்தத் தோலைப் பின்னோக்கி நடத்தினார்கள்
தான் தோல் என்பதை அது மறக்கும்வரை.
அப்புறம் முன்னோக்கி, வேறொரு தெருவழியாக.
நான் அன்றே சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்:
முதலில் முளை.
நெடிலாக நூறு நாள் பிடித்தது.

கீழ்த்தட்டு ஏழு வயதுப் பிள்ளை.
பெயர் தெரியாது. பி-பூஜ்ஜியம்-ஒன்பது.
நாளுக்கு முப்பது முறை வலிப்பு என்கிறது குறிப்பு.
மின்முனைத் தகட்டில் வைத்தால்
திரையில் கோடுகள் ஒன்றையொன்று மிதித்து ஏறும்,
பள்ளி விட்ட நேரத்து மாடிப்படி.
என்னுடையது
டிக். டிக்டிக். ஒன்றுமில்லை. டிக்.
சரியாக மூடாத குழாய்.
"பிரமாதம், எவ்வளவு சாதாரணம்!" என்றார் குவெக்.
முப்பத்தெட்டு வயதில்
யாரும் என்னை இப்படிப் புகழ்ந்ததில்லை.

புதன்கிழமை ஒரு சொட்டு மருந்து விட்டோம்.
இன்னும் பெயர் வைக்காத மருந்து, எண்தான்.
பிள்ளையின் படிக்கட்டில் கூட்டம் குறைந்தது.
பதினோரு நிமிடம்.
என் கோட்டருகே அதன் கோடு வந்து நின்றது,
பேருந்துக்குக் காத்திருக்கும் இருவர் மாதிரி.
ஹிதாயா என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.
நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

படிவத்தின் ஏழாம் பக்கம்:
தலைவலி உண்டா?
இல்லை என்று குறித்தேன்.
உண்டு.
மாதத்தில் இரண்டு நாள்,
விளக்கை அணைத்துவிட்டு
குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பேன்.
வேலைக்கு ஆகாதவள் என்று
யாரும் நினைத்துவிடக் கூடாதே.

கடைசிக் குழி. பெட்டியை மூடுகிறேன்.
கையுறையைக் கழற்றும்போதுதான் கவனிக்கிறேன்,
மேல்தட்டுக்கு முதலில் ஊட்டியிருக்கிறேன்.

ஆரஞ்சு இரண்டும் அப்படியே இருக்கட்டும்.
அவருடைய கையெழுத்துக்குக் கீழே
இடம் கொஞ்சம் இருக்கிறது.
எழுதுகிறேன்:
"இரண்டு தட்டும் ஆயிற்று.
எனக்குத் தலைவலி உண்டு.
செவ்வாய்க்கிழமை பேசவேண்டும்."